காது ஷார்ப், கண்ணு மங்கல்

போன மாசம் ஒருத்தருக்குக் கோபமா ஒரு மெசேஜ் அனுப்பினேன். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் வாங்கியிருந்தேன். பிடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள திருப்பித் தரலாம்னு பேச்சு. அந்த வாரமே ஃப்ரெண்டோட நிச்சயதார்த்தம். 200ல வச்சு, அபர்ச்சரை முழுசாத் திறந்து, பொண்ணு முகத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிசு பண்ணிப் பார்த்தா ஜிமிக்கி பளிச்சுன்னு இருக்கு, கண்ணு மங்கல். ‘சாஃப்ட் லென்ஸை என் தலையில கட்டிட்டீங்க’ன்னு வித்தவருக்கு அனுப்பிட்டேன்.

ஜிமிக்கி ஷார்ப்பா வந்திருக்குன்னா கண்ணாடியில குறை இல்லைன்னுதானே அர்த்தம்? ஃபோகஸ்தான் வேற இடத்துல விழுந்திருக்கு. ஃபுல் ஃப்ரேம்ல 200 எம்எம், எஃப் 2.8, மூணு மீட்டர் தூரம்னா, ஷார்ப்பா தெரியுற ஆழம் மொத்தமே சுமார் 4 செ.மீ.தான். நான் லேசா அசைஞ்சிருந்தாலே போதும், போச்சு. ஆபீஸ்ல ஒரு பக் வந்தா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தானே மாத்திப் பார்ப்போம்? லென்ஸ்னு வந்ததும் அது மறந்துபோச்சு.

அதனால முதல்ல ஆட்டோஃபோகஸை ஆட்டத்துலேருந்தே தூக்கினேன். ட்ரைபாட், ஸ்டெபிலைசேஷன் ஆஃப், ரெண்டு செகண்ட் டைமர். சுவர்ல நியூஸ்பேப்பரை ஒட்டி, லைவ் வியூல பெரிசாக்கி, கையால ஃபோகஸ் பண்ணினேன். கேமரா சுவருக்கு நேரா இல்லைன்னா ஒரு பக்கம் மங்கி, நல்ல லென்ஸ் மேல பழி விழும். சுவர்ல ஒரு சின்னக் கண்ணாடியைத் தட்டையா ஒட்டி, லென்ஸோட பிம்பம் வியூஃபைண்டர் நடுவுல தெரியுற மாதிரி நகர்த்துங்க, நேராயிடும்.

70, 135, 200, மூணுலயும் எஃப் 2.8, எஃப் 5.6ன்னு எடுத்தேன். நாலு மூலையும் ஒரே அளவு சாஃப்ட்டா இருந்து 5.6ல சரியானா கவலையே வேண்டாம். ஒரு மூலை மட்டும், அந்த மூலையிலேயே ஃபோகஸ் பண்ணியும் மங்கலா இருந்தா, அது டீசென்டரிங். அதாவது உள்ள ஒரு கண்ணாடி இடம் தப்பி உட்கார்ந்திருக்கு. கேமரா மெனுவுல அதைத் திருத்த முடியாது, லென்ஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க. என்னோடது பாஸ்.

அடுத்தது ஆட்டோஃபோகஸ். என்னோடது டிஎஸ்எல்ஆர். வியூஃபைண்டர் வழியா ஃபோகஸ் பண்ணும்போது, வெளிச்சம் கண்ணாடியில பட்டு கீழே இருக்கிற தனி சென்சாருக்குப் போகுது. படம் பதியுற சென்சார் வேற. ரெண்டுக்கும் நடுவுல துளி வித்தியாசம் இருந்தாலும் ஃபோகஸ் முன்னயோ பின்னயோ போயிடும். மிரர்லெஸ்ல பட சென்சாரே ஃபோகஸையும் பார்க்குறதால இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. மூலை டெஸ்ட் மட்டும் அவங்களுக்கும் உண்டு.

நேரா ஒரு அட்டைப்பெட்டி, பக்கத்துல சாய்ச்சு வச்ச ஸ்கேல். ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி ஃபோகஸைக் கலைச்சுட்டு, பத்து படம் எடுத்தேன். பத்தும் பத்து இடத்துல விழுந்தா அட்ஜஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்லை. எனக்கு 200ல பத்தும் ஒரே மாதிரி பின்னாடி விழுந்துச்சு. 70ல சரியா இருந்துச்சு. நான் வச்சிருக்குற கேனான் 5டி மார்க் 3ல ஜூமோட ரெண்டு முனைக்கும் தனித்தனியா மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் வைக்கலாம். 200க்கு மைனஸ் 12 வச்சேன், கண்ணு வந்துடுச்சு.

வித்தவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். ‘உங்க பாடில என்ன நம்பர் வந்துச்சு?’ன்னு மட்டும் கேட்டார். சொன்னேன்.

‘அப்படியா? என் பாடில பிளஸ் 3 வச்சிருந்தேன்.’