சவலை



சிசு போஷணையைப் பற்றி ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கின் தலைமையுரையை என் மனத்தில் நெடுங்காலமாகக் கிடக்கும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சவலை என்பது அச்சொல்.

தாய் மறுபடியும் கருவுற்றதனாலோ, அடுத்த குழந்தை பிறந்துவிட்டதனாலோ முலைப்பாலை இழந்து, அதற்கு ஈடான ஆகாரமும் கிடைக்காமல் வாடி மெலியும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்று நம் முன்னோர் சொன்னார்கள். நம் பாட்டிமார் இன்றும் சொல்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் தங்கக் கடற்கரை என்று அக்காலத்தில் வழங்கிய இன்றைய கானா நாட்டில் பணிபுரிந்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், கால் வீங்கித் தோல் உரிந்து மடிந்துகொண்டிருந்த குழந்தைகளைக் கண்டு, 1933இல் அவ்வியாதியின் லட்சணங்களை வைத்திய உலகுக்கு அறிவித்ததோடு நில்லாமல், அவ்வூர்ப் பெண்கள் தங்கள் கா மொழியில் அதற்கு வழங்கிவந்த குவாஷியோர்க்கர் என்ற பெயரையே 1935இல் சாஸ்திர வழக்கிலும் ஏற்றிவைத்தார். அடுத்த குழந்தை பிறக்கும்போது முந்திய குழந்தைக்கு வரும் நோய் என்பது அப்பெயரின் கருத்து. ஒன்றை ஒன்று அறியாத இரண்டு ஜனசமூகங்கள், தத்தம் அடுப்படியில் கண்ட ஒரே துயரத்துக்கு, அதன் காரணத்தையே சுட்டும்படி பெயர் வைத்திருந்தமை என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துகிறது.

நான் மருத்துவமனை உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்காலக் காலைப்பொழுதில், சளி பிடித்த கைக்குழந்தையோடு ஒரு கூலிக்காரப் பெண் வந்தாள். அவளுடைய மாமியாரின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவனை நோயாளி என்று அவர்கள் அழைத்து வரவில்லை, வீட்டில் விட்டுவர ஆளில்லாமல் தூக்கி வந்திருந்தார்கள். அத்தனை குழந்தைகள் அலறிக்கொண்டிருந்த கூடத்தில் அவன் ஒருவன் அழாமலும் எதையும் பாராமலும் இருந்தான். அவனுடைய புறங்காலில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி நெடுநேரம் நிறையவில்லை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “மூணு வேளையும் கஞ்சி நல்லாத்தாம்மா குடிக்கிறான், தங்கச்சி பொறந்ததுலேருந்துதான் சவலை பாஞ்சிருச்சு” என்றாள் அந்தக் கிழவி. நான் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டியதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். பிள்ளை மூன்று வேளையும் குடித்தவன்தான். ஆனால் அந்த வயதில் இரைப்பை மிகச் சிறியதாகையால், நீராகக் கரைத்த கஞ்சியால் வயிறு நிறைகிறதேயன்றி உடம்பு நிறைவதில்லை. இக்குறையை ஒரு காலத்தில் உலகமெங்கும் புரதக் குறைவு என்றே கருதிப் புரதப் பொடிகளைத் தேடி அலைந்தார்கள். 1918இல் குன்னூரில் தோன்றிப் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறிய போஷணை ஆராய்ச்சிக் கூடத்தில் நெடுங்காலம் உழைத்த, சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும், நம் நாட்டுக் குழந்தைகளின் முதற்குறை புரதத்தில் அன்று, உண்ணும் ஆகாரத்தின் மொத்த அளவிலேயே இருக்கிறது என்றும், வீட்டுச் சோறும் பருப்பும் போதிய அளவு உள்ளே சென்றால் புரதமும் கூடவே சென்றுவிடும் என்றும் ஆராய்ந்து காட்டினார்கள். ஏழைத் தாய்க்கு இதைவிட ஆறுதலான செய்தியை எந்த விஞ்ஞானமும் சொன்னதில்லை. ஆயினும், அரைநாள் கூலியைக் கொடுத்து டின் மாவு வாங்கி, அது மாதக்கடைசி வரை வரவேண்டுமே என்று ஒரு குவளை நீரில் ஒரு கரண்டியாகக் கரைத்து ஊட்டும் தாய்மாரை நான் இன்றும் காண்கிறேன்; காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது.

விலையில்லாத உபாயங்கள் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து முளைகட்டி, உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து மாவாக்கினால், முளையில் தோன்றிய நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை நெகிழ்த்துகிறது. ஆகவே தண்ணீரைக் கூட்டாமல் மாவைக் கூட்டியும், குழந்தை எளிதில் விழுங்கும் பதத்தில் காய்ச்ச முடிகிறது. வறுப்பு மிஞ்சினால் நொதி அழிந்துவிடும் என்பதை மட்டும் தாய்மாருக்குத் தவறாமல் சொல்ல வேண்டும். அவ்வாறே சோற்றையும் பருப்பையும் குழைய மசித்து, ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைந்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாத பதத்தில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு, தாய்ப்பாலை நிறுத்தாமலே, ஊட்டத் தொடங்கலாம். பால்புட்டியைக் காட்டிலும் நம் பழைய சங்கும் பாலாடையும் மேலானவை. கழுவினால் அழுக்கு தங்க அவற்றில் மூலை முடுக்கு இல்லை. பழமை யாவும் நல்லதென்று நான் வாதிப்பதாக எண்ணிவிடாதீர்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சிசுவின் நாவில் சேனை வைக்கும் வழக்கத்தையும், பேதி கண்ட குழந்தையைப் பட்டினி போடும் வழக்கத்தையும் நாம் தயவுதாட்சிணியமின்றி ஒழித்தாக வேண்டும்.

இனி என் மனத்தை வெகுவாக உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கியதும், காமராசர் அதை ஊரூராகக் கொண்டு சென்றதும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் நம் சரித்திரத்தின் மகத்தான தர்மங்கள். அவற்றை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தப் பந்தி, தானே நடந்து வந்து தட்டை நீட்டத் தெரிந்த பிள்ளைக்கு விரித்த பந்தி. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை, தாய்ப்பால் மட்டும் போதாமலும் பந்திக்கு வர இயலாமலும் யாரேனும் ஊட்டினால்தான் உண்டு என்ற நிலையில், இடுப்பிலும் தூளியிலும் கிடக்கிறது. சவலை பாயும் பருவமும் அதுவே. அதற்கென்று அங்கன்வாடி தரும் சத்துமாவு, வீடு போய்ச் சேர்ந்ததும் நான்கு வாய்க்குப் பங்காகிவிடுகிறது. 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்து, எடை தளர்ந்த குழந்தையைத் தேடிப் பிடித்து ஊட்டியது. நோய் முற்றிக் கால் வீங்கும் வரை காத்திராத அந்த முறையே இப்பருவத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஊட்டுவதற்கு ஒரு கை வேண்டும், அக்கைக்கு ஓய்வும் வேண்டும். 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 26 வாரப் பிரசவ விடுப்பு, குழந்தைக்குச் சோறூட்டத் தொடங்கும் தறுவாயில் முடிந்துவிடுகிறது. செங்கல் சூளையிலும் நாற்றங்காலிலும் உழைப்பவளுக்கோ அந்த 26 வாரமும் இல்லை. தூளியை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வயலில் இறங்கும் அவளிடம் ஒரு நாளைக்கு ஐந்து முறை ஊட்டம்மா என்று உபதேசிக்கும் நாம், அந்த ஐந்து முறையும் யார் ஊட்டுவது என்பதை இதுவரை யோசித்ததே இல்லை.

தொடக்கத்தில் நான் சொன்ன அந்தப் பையனை மூன்று வாரம் வார்டில் வைத்திருந்தோம். முதலில் வீக்கம் வடிந்ததில் எடை குறையவே, பாட்டி கலங்கிப்போனாள். பின்பு ஒரு நாள் காலையில் நான் கட்டிலருகே சென்றபோது, அவன் என் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எட்டிப் பிடித்து இழுத்துச் சிரித்தான். எடைப் புத்தகத்தில் எந்த மாறுதலும் இல்லாத நாள் அது; பிழைத்துவிட்டான் என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

இரண்டு நாட்களில் இங்கே படிக்கப்படவிருக்கும் கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். உங்கள் ஆராய்ச்சியின் முடிவை, எதை, எத்தனை பிடி, எந்த வேளையில், யாருடைய கை ஊட்ட வேண்டும் என்று அந்தக் கிழவிக்கு விளங்கும் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்குங்கள். அங்கன்வாடிச் சகோதரிகளே, நீங்கள் முன்வரிசையில் அமர்ந்து, விளங்காத இடத்தில் தயங்காமல் எழுந்து கேளுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.