பூட்டு என்றால் முதலில் பள்ளிக்கூடமா?



2020 மார்ச்சில் தில்லிப் பள்ளிகளை மூடியபோது நாம் எதிர்க்கவில்லை. உயிர்தான் பெரிது என்றிருந்தோம். ஆனால் அந்த ஜூனிலேயே ஓட்டல்கள் திறந்தன. செப்டம்பரில் மதுக்கூடங்களும் திறந்தன. எல்லா வகுப்புகளுக்கும் பள்ளி திறந்ததோ 2021 நவம்பர் 1-ல்! இரண்டே வாரத்தில், காற்று மாசு என்று மீண்டும் பூட்டு. டிசம்பர் கடைசியில் ஓமிக்ரான். சின்னப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியது 2022 பிப்ரவரி 14-ல்தான்.

இடையில் ஆன்லைன் பாடம் என்றார்கள். ஜங்புரா மதராசி கேம்ப்பில் (அதையும் 2025 ஜூனில் இடித்துத் தள்ளிவிட்டார்கள்) வீட்டுக்கு ஒரு போன். அதுவும் காலையில் அப்பனோடு வேலைக்குப் போய்விடும். இரவில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்ப்பதற்குப் பெயர் படிப்பா? ஏழை மாணவர்களுக்குக் கருவியும் இணைய வசதியும் பள்ளிகளே தரவேண்டும் என்று 2020 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

பள்ளியைத் திறக்கச் சொல்லி 2022 ஜனவரியில் 1,600-க்கு மேற்பட்ட பெற்றோர் கையெழுத்திட்ட மனு, அன்றைய துணை முதல்வர் சிசோடியாவிடம் போயிற்று. நாம் எங்கே இருந்தோம்? வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2024 நவம்பரில் மாசுக்காகப் பள்ளிகளை மூடியபோது, பிள்ளைகளுக்கு மதிய உணவு போகிறதே, பலர் வீட்டில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவியும் இல்லையே என்று உச்சநீதிமன்றமே கேட்டது. குடிசைக்குள் மட்டும் நல்ல காற்றா வருகிறது?

இனிப் பூட்டுவதற்கு முன், சோறு எப்படி வரும், பாடம் எப்படி வரும் என்று அரசு எழுதித் தரட்டும். மனு மேசைமேல் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்திடுங்கள்.