காயத்துக்குப் பின் 66 ஆண்டுகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இன்ஜினியர் ஆயிற்றே, ஏதாவது மெஷினைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீங்க. இன்றைக்கு ஒரு மனிதரைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

நான் துடியலூர்க்காரன். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஊட்டி பஸ் போவது தெரியும். அந்த ரோட்டிலேயே சுமார் 60 கிலோமீட்டர் போனால் குன்னூர். பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குடியிருந்த ஊர் அது. 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில், 94-ஆம் வயதில் அவர் காலமானார்.

அப்போது நான் இங்கே மாணவன். அன்று சாயங்காலம் காலேஜ் விட்டு வீட்டுக்குப் போனால், என் அப்புச்சி டிவி முன்னால் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார். "காலு வலிக்குமுங்க, உக்காருங்க" என்று அம்மிச்சி சொல்லிப் பார்த்தார். அப்புச்சி உட்காரவில்லை. செய்தி முடியும் வரை நின்றார். அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய். 1971 போரில் காலில் குண்டு பட்டு ஊர் திரும்பியவர்.

தளபதிக்கும் உடம்பெல்லாம் தழும்புதான். 1942 பிப்ரவரி 22. பர்மாவில் சிட்டாங் பாலத்தருகே ஜப்பானியரை எதிர்த்து நின்றபோது, கேப்டனாக இருந்த மானெக்‌ஷாவின் உடம்பில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. நுரையீரல், ஈரல், சிறுநீரகம் எல்லாம் சேதம். பிழைக்க மாட்டார் என்று எண்ணிய ஜெனரல் கோவன், தம் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்தினார். இறந்தவருக்கு அந்த விருது கிடையாது என்பதே காரணம். அவருடைய சீக்கிய உதவியாள் ஒருவர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவரிடம் சேர்த்தார். ஆஸ்திரேலிய டாக்டர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் நம் கேப்டன். இந்த நிலையிலும் இப்படிப் பேசுகிறவன் பிழைப்பான் என்றுதான் டாக்டர் கத்தியை எடுத்தார் என்பார்கள்.

அன்றைக்கு அவருக்கு வயது 27. ஊரில் மனைவி சில்லூ, 2 வயது மகள் ஷெரி. இரண்டாவது மகள் மாயா பிறந்தது 1945-இல். அந்த உதவியாள் தூக்காமல் விட்டிருந்தால், மாயா என்றொருவர் இந்த உலகத்துக்கே வந்திருக்க மாட்டார். 1971-இல் நாட்டுக்கு அந்தத் தளபதியும் கிடைத்திருக்க மாட்டார்.

அந்த ஆண்டு ஏப்ரலில் இந்திரா காந்தி அம்மையார் கிழக்கே படை நடத்தக் கேட்டபோது, இப்போது முடியாது, மழைக்காலம் வருகிறது, ஆறுகள் பெருகும், படை தயாராக இல்லை என்று மறுத்ததாகப் பின்னாளில் அவரே மேடைகளில் சொன்னார். வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொன்னாராம். டிசம்பரில் போர் வந்தது. 13 நாளில் முடிந்தது. சரணடைந்தோர் சுமார் 93,000 பேர். தம்பிகளே, நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போனால், முடியாததை முடியும் என்று சொல்லச் சொல்லி மேலிடம் கேட்கும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1973-இல் பீல்டு மார்ஷல் ஆனார். அதே மாதம் ஓய்வு பெற்றார். அதன் பிறகு 35 வருஷம் வாழ்ந்தார். மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் பெருகியது. 2001-இல் மனைவி போனார். ஊட்டி பார்சி கல்லறையில் அந்த அம்மாவின் பக்கத்திலேயே இவரையும் அடக்கம் செய்தார்கள். குண்டு பட்டது ஒரு நாள். அதற்குப் பின் வாழ்ந்தது 66 ஆண்டுகள். நாம் அந்த ஒரு நாளைத்தான் கதையாகச் சொல்கிறோம்.

என் அப்புச்சி விஷயத்தில் அந்த ஒரு நாளைக்கூட நான் கேட்கவில்லை. தாங்கித் தாங்கி நடந்தே மாடு மேய்த்தார், தோட்டத்துக்குத் தண்ணி கட்டினார், மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். அவர் காலமான பிறகுதான் அம்மிச்சியிடம் ஒன்று கேட்டேன். எங்கள் கடைசி மாமாவுக்கு மட்டும் ஏன் எங்கள் சனத்தில் வழக்கமே இல்லாத, கன்னியாகுமரிப் பக்கத்துப் பேரு?

"உங்க அப்புச்சியத் தூக்கிட்டு வந்த பையன் பேரு கண்ணு அது. அந்தப் பையன் ஊரு திரும்பல."

மாமாவை ஆயிரம் தடவை பேர் சொல்லிக் கூப்பிட்ட வீடு எங்கள் வீடு. காரணம் எனக்குத் தெரிய முப்பது வயதாகிவிட்டது.

வெலிங்டனில், மானெக்‌ஷா பெயரிட்ட பாலத்துக்குப் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஊட்டிக்குப் போகும்போது பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் வீட்டில், உங்கள் வீதியில் தாங்கித் தாங்கி நடக்கிற பெரியவர் யாராவது இருந்தால், இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். யார் தூக்கி வந்தார்கள், பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேளுங்கள். நான் விட்டதை நீங்கள் விட வேண்டாம்.