ஒரு பெயர், பல சொந்தக்காரர்



வன்னி என்ற பெயரை யார் யாரெல்லாம் சுமக்கிறார்கள்! ஒல்லாந்தருக்கு அடங்காத கைலாய வன்னியன் ஒருவன். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியன் ஒருவன். தமிழகத்திலே ஒரு பெரிய சமூகமே வன்னியர். தெற்கே சிங்களக் குடும்பங்களில் வன்னியாரச்சி என்பது வழிவழி வரும் பெயர். குருநாகல் பக்கம் வன்னி ஹத்பத்துவ என்றொரு நிலப்பகுதி. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த தேர்தல் மாவட்டமும் வன்னிதான். வன்னி மண்ணான கிளிநொச்சியோ வாக்களிப்பில் யாழ்ப்பாணத்தோடு நிற்கிறது. கடைப் பலகையிலும் தேன் போத்தலிலும் அதே பெயர்.

இத்தனை பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வரவில்லை. அடங்காப்பற்று என்று பேரெடுத்த நம் வன்னி மண்ணிலே வன்னியன் என்பது பற்றுகள் என்ற நிலப்பிரிவுகளை ஆண்ட தலைவனின் பட்டம். ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய முதுசம் அல்ல.

பட்டம் மட்டும் ஆளை உயர்த்திவிடுமா? பண்டாரவன்னியனைக் காட்டிக் கொடுத்தவன் காக்கை வன்னியன் என்று நம் ஊர்க்கதை சொல்கிறது. இருவருக்கும் பட்டம் ஒன்றுதான். ஒருவனுக்கு விழா எடுக்கிறோம். மற்றவன் பெயரோ வசைச்சொல்லாகிவிட்டது!

ஒட்டுசுட்டான் பக்கத்திலே கற்சிலைமடு. 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் ட்றிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் அங்கே கல் நட்டார்கள். கல் நட்டவன் எண்ணியது தன் வெற்றியை. சனம் அங்கே தேடிப் போனதோ தோற்றவனை. பெயரை நிறுத்துவது வெற்றியல்ல, சபையோரே, பணியாத நெஞ்சு!

பெயர் நிற்க எழுத்தும் வேண்டும். 1895இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஆங்கிலத்திலே கைநூல் எழுதினார். பேராசிரியர் சி. பத்மநாதன் 'வன்னியர்' என்று தமிழிலே நூல் தந்தார். மிச்சம் நம் வேலை. இடப்பெயர்வுகளில் வீட்டோடு ஏடும் காணி உறுதியும் போயின. முதியவர்களின் ஞாபகம் இன்னும் போகவில்லை. பிள்ளைகளே, அப்பப்பாவிடம், அம்மம்மாவிடம் கேளுங்கள். இந்தக் குளத்துக்கு, இந்த வயலுக்கு, இந்தக் கோயிலுக்கு யார் பெயர், ஏன் வந்தது என்று கேட்டு எழுதுங்கள். கதையைக் கதை என்றும், உறுதியில் உள்ளதை உறுதியில் உள்ளது என்றும் பிரித்தே எழுதுங்கள். அந்தக் கொப்பிகளோடு அடுத்த விழாவுக்கு இந்த மேடைக்கு வாருங்கள். பேச்சாளர் நீங்கள், கேட்க நாங்கள் வருகிறோம்.