கப்பலேட்டில் ஒரு பெயர்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவு)



உமிழ்நீரைக் குப்பியிலிட்டு ஆய்வகத்துக்கு விடுத்தால், நம் முன்னோர் யாவர் என்று மரபணு கொண்டு சொல்லிவிடுகின்றனராம். அவ்வாய்வைப் பழிக்க யான் வரவில்லை. அது சொல்வது எது, சொல்ல இயலாதது எது என்று எண்ணிப் பார்க்கவே வேண்டுகின்றேன்.

தென்னாப்பிரிக்கத் தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். 1860-இல் சென்னையினின்று புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் 342 பேரை நேட்டாலின் தர்பன் துறையில் இறக்கியது. 1911 வரை அவ்வாறு கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்கும் கொண்டு செல்லப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவருள் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர். வெள்ளையன் அவர்க்கு எண்ணிட்டான். பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் அனைத்தையும் ஏட்டில் ஏற்றினான். மாட்டுக்குச் சூடிட்டுக் கணக்கெழுதுவது போன்ற எழுத்துத்தான் அது! ஆயினும், அவர்தம் கொள்ளுப்பேரன் இன்று தன் ஊரைத் தேடுங்கால் அவ்வேடே அவனுக்குக் கைவிளக்கு. மரபணு ஆய்வு அவனைத் 'தென்னிந்தியன்' என்னும் அளவில் நிறுத்திவிடும். தொலைவுறவினர் சிலரைக் காட்டவுங்கூடும். எவ்வூரினர், எம்மொழியில் தாலாட்டினர் என்பதை அது சொல்லாது.

என் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும் திரிந்து அங்கே குடிப்பெயராய் நிலைத்துவிட்டன. படையாட்சியும் பிள்ளையும் அவ்வாறே. சாதிப்பட்டம் கடல்கடந்தும் பிழைத்தது. தாய்மொழியோ பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலத்துக்கு இடம் விட்டு வெளியேறிற்று!

மரபணுவைக் காட்டிச் சாதிப்பெருமை பேசுவார் இங்கும் கிளம்பியுள்ளனர். அவர் சற்றே கணக்கிட்டுப் பார்க்கட்டும். பத்துத் தலைமுறை பின்சென்றால் ஒருவனுக்கு முன்னோர் இடங்கள் 1024. தந்தையினின்று மகனுக்கு மட்டுமே இறங்கும் மரபணுக் கூறு, அவற்றுள் ஒருவனைத்தான் காட்டும்; தாய்வழியே இறங்கும் கூறு ஒருத்தியைத்தான் காட்டும். எஞ்சிய 1022 எங்கே போயின? மேலும், ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று ஆய்வு நடுவத்தாரும் ஆர்வர்டு ஆய்வாளரும் 2013-இல் வெளியிட்ட முடிவு யாது? ஏறத்தாழ 4200 ஆண்டுகட்கு முன்தொட்டு 1900 ஆண்டுகட்கு முன்வரை இந்நிலத்து மக்கட் கூட்டங்கள் பரவலாகக் கலந்தன என்பதும், அகமண இறுக்கம் பின்னரே வந்தது என்பதுமாம். வருணவேலி எழுமுன்பே குருதி கலந்துவிட்டது, ஐயன்மீர்!

கடல்கடந்து ஊர்தேடி வருவார்க்கு நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அவ்வேடுகளில் ஊர்ப்பெயர்கள் ஆங்கிலச் செவிக்குப் பட்டவாறெல்லாம் சிதைந்து கிடக்கின்றன. எழுத்தைக் கூட்டி உரக்கப் படித்துப் பாருங்கள். அவ்வட்டத்தை நன்கறிந்த முதியோரிடம் காட்டுங்கள். ஊர் புலப்பட்டதும், அதன் பெயரையும் அவர் பாட்டன் பெயரையும் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்து, பலுக்கவும் கற்பித்து அனுப்புங்கள்.