கொல்லிமலைத் தண்ணி கடலுக்குப் போகுது, நீங்க?

இந்த எபிசோட் 70 கொண்டை ஊசி வளைவுக்கு மேல, கொல்லிமலை செம்மேட்டுல இருந்து. பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டாங்க: "கடலைப் படிக்கணும்னா கடலோரத்துல பொறந்திருக்கணுமாண்ணா?"

இல்லம்மா. இங்க உற்பத்தியாகிற சுவேதா நதி வெள்ளாற்றில் சேருது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருப்பதும் அங்கேதான்.

சரி, எப்படிப் போறது? இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் நடத்துறாங்க. கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு விஞ்ஞானியோட இரண்டு மாசம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் உண்டு. லீவுல கூலி வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கேள்வியே.

கோடிங்கை நான் யூடியூப் பார்த்தே கத்துக்கிட்டேன். ஆனா சேத்துல கிடைச்ச புழு எந்த இனம்னு பிரிச்சுப் பார்க்க, மைக்ராஸ்கோப் பக்கத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் உட்காரணும். இதில் வழிகாட்டிதான் பாடமே.

விண்ணப்பத்துக்கு ஆசிரியரோட பரிந்துரைக் கடிதம் வேணும். கோடைக்குப் பல மாசம் முன்னாடியே தேதி முடிஞ்சிடும். அதனால நாளைக்கே உங்க விலங்கியல் மிஸ்ஸைப் போய்ப் பாருங்க. கேட்கிற ஆசிரியர்களே, அந்தக் கடிதத்தைத் தள்ளிப் போடாதீங்க.