பென்ஷன் மறுப்புக் கடிதம் முடிவல்ல

(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில், முன்னாள் படைவீரரான குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்மார்களில் சிலர் முன்னாள் ராணுவத்தினர். பிள்ளைப்பாக்கம், ஒரகடம் கம்பெனி வாசல்களிலும் அப்படித்தான். இங்கே குடியிருப்பவர்களிலும் என்னைப் போல் சிலர் உண்டு. அதனால்தான் செயலாளர் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்.

ராணுவத்தில் உடல் பாதிக்கப்பட்டு வெளியே வருபவருக்கு இயலாமை பென்ஷன் உண்டு. பாதிப்பு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். அது சேவையால் வந்ததாகவோ, சேவையால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். "உங்கள் நோய்க்கும் சேவைக்கும் சம்பந்தமில்லை" என்று கடிதம் வந்ததும், பலர் அதை டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு வேலை தேடப் போய்விடுகிறார்கள்.

தரம்வீர் சிங் என்ற சிப்பாய் அப்படி விடவில்லை. 1985ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர், வலிப்பு நோயால் 1994ல் வெளியே அனுப்பப்பட்டார். பாதிப்பு 20 சதவீதம். ஆனால் பென்ஷன் மறுக்கப்பட்டது. 2013 ஜூலை 2ல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சேரும்போது செய்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் ஆரோக்கியமாக வந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் சேவையால் அல்ல என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. மருத்துவக் குழு காரணமும் எழுத வேண்டும்.

எனவே கடிதம் வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு அனுப்ப வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு உண்டு.

அடுத்து, மருத்துவக் குழு அறிக்கையின் நகலை ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. வக்கீல் வைத்தும் போகலாம், நாமே நேரில் வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

காலம் கடந்தவர்களும் மனம் தளர வேண்டாம். ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. 1983ல் வெளியே வந்த தர்சேம் சிங் 1999ல்தான் வழக்குப் போட்டார். வழக்குப் போடுவதற்கு முந்தைய 3 ஆண்டு நிலுவை மட்டுமே தரலாம் என்று 2008ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று: 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன. அதற்குப் பின் வெளியே வந்தவர்கள், பழைய தீர்ப்பை மட்டும் நம்பாமல் அந்த விதிகளைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டில் இருக்கும் அண்ணன் ஆங்கிலக் கடிதம் ஒன்றை நீட்டினால், நின்று படித்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அதிலுள்ள தேதியைச் சொல்லுங்கள்.